பேசும் லாரி டிவிக்கு வராத விஷயமாக மாமாவுக்கு

என்றும் என் மரியாதைக்குரிய மாமாவுக்கு, உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரர், நான் கடித்தது போக மிச்சமிருக்கும் என் நகங்கள், எல்லாரும் சுகம். அங்கே உங்கள் கண்ணும் அத்தையின் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை அத்தைதான் உங்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறார் என்பதால் முதலில் அவருக்கு ஒரு வார்த்தை. அத்தை, நீங்க கதைப் புத்தகமானாலும் மருந்து டப்பாவானாலும் கடைசி வரியைத்தான் முதல்ல படிக்கிற ஆள். இதையாவது மேலே இருந்து கீழே ஒழுங்கா வாசிங்க. விஷயம் பெரிசு.

மாமா, வெள்ளிக்கிழமை உங்களுக்குப் புரை எடுக்கும் ஆபரேஷன். இனியும் தள்ளிப்போட்டால் இருக்கிற வெளிச்சமும் போய்விடும் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னபோதெல்லாம், லாரி ஓட்டின காலத்திலேயே பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு, இனிமே பார்க்க என்ன இருக்கு, உங்க அத்தை முகம்தானே, அது மனப்பாடம் என்று சொல்லிக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்ட நீங்கள், கடைசியில் மசிந்தது என் பொம்மைப்படத்துக்காகத்தான். அதனால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடுகிறேன். பொம்மைப்படம் டிவியில் வராது மாமா. நிறுத்திவிட்டார்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். அந்த லாரி டிரைவர் படம் சக்கைப்போடு போட்டபோது, கதாநாயகன் கியர் மாற்றுகிற லட்சணத்தைப் பார்த்து நீங்கள் தியேட்டரிலேயே எழுந்து நின்று திட்டினீர்களே, அதே படத்தைத்தான் நான் டீ போட்டுக் கொடுக்கிற கம்பெனியில் பிள்ளைகளுக்காகத் தொடராக வரைந்தார்கள். படத்தில் லாரி சும்மா ஓடும், இதில் லாரி பேசும், அவ்வளவுதான் வித்தியாசம். லாரிக்குப் பேச வந்த அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு காற்றுதான் வந்தது. டைரக்டர், நாங்கள் தாடி என்று கூப்பிடுகிற தம்பி, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சிரிக்க வைக்கலாமே என்று டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீங்கள் செய்து காட்டுவீர்களே, குளிரில் நின்ற லாரி இருமி, கனைத்து, துப்பி, கடைசியில் மனசு வந்து கிளம்புகிற சத்தம், அதைச் செய்து காட்டினேன். தாடி சிரிக்கவில்லை. கதவைச் சாத்தி என் முன்னால் மைக்கை வைத்துவிட்டார். அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்குப் போனில் சொன்னதுதான். உங்கள் இருமல் லாரிக்குள் போய்விட்டது என்று கேட்டதும் நீங்கள் தெருவெல்லாம் சொல்லி, டிவிக்காரனைக் கூப்பிட்டு டிவியைச் சுவரில் மாட்டி, ஆபரேஷனுக்கும் தலையாட்டினீர்கள்.

உங்களுக்குப் போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. எழுதிக் கொடுத்ததை மட்டும் படிக்கிற வாயா இது? கதைப்படி மேட்டில் லாரி நின்றுபோக வேண்டும், கதாநாயகன் லாரியின் மூக்கைத் தடவிக் கண்கலங்க வேண்டும், லாரி பதிலுக்கு "என்னை மன்னித்துவிடு நண்பா" என்று சொல்ல வேண்டும். எந்த லாரி மாமா அப்படிப் பேசும்? நான் பாட்டுக்கு, "அழுதது போதும், எறங்கித் தள்ளுப்பா, தொப்பையாவது கரையும்" என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தாடி அதை அப்படியே வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதோடு விட்டாரா, அதற்கேற்றாற்போல் கதாநாயகனுக்கு ஒரு தொப்பையும் வரையச் சொல்லிவிட்டார்.

எல்லாம் முடிந்ததும் முதல் பகுதியைப் போட்டுக் காட்ட, படத்தில் நடித்த பெரிய ஹீரோவையும் கொஞ்சம் பிள்ளைகளையும் கூப்பிட்டார்கள். அவர் சம்மதித்தால்தான் டிவியில் வருமாம், கதையின் உரிமை அவர் கையில். நான் டீத் தட்டோடு வாசலில் நின்றேன். லாரி இருமியதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹீரோ உள்ளே வந்தபோது ஒருத்தரும் தட்டவில்லை. அந்தத் தொப்பை வசனம் வந்ததும் ஒரு சின்னப் பெண் திரும்பி, திரையில் இருப்பவரையும் சீட்டில் இருப்பவரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "அங்கிள், நீங்க தள்ளினீங்களா, இல்லையா?" என்று கேட்டது. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுப் பார்த்தார். அது எட்டவில்லை. எழுந்து போய்விட்டார். நான் நீட்டிய டீயையும் தொடவில்லை. அடுத்த வாரம், தொடர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனியில் படம் வரைந்தவர்கள் எல்லாம் தொங்கிப்போன முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். தாடி மட்டும், "அக்கா, உங்களால இல்ல, விடுங்க" என்கிறார். அவர் ஒரு நாளைக்குப் பத்து தடவை அதைச் சொல்வதிலிருந்தே தெரியவில்லையா, என்னால்தான் என்று?

என் வீட்டுக்காரரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே, வருஷத்துக்கு ஒரு வாக்கியம் பேசுவார். இந்த வருஷ வாக்கியத்தை இதற்குச் செலவு செய்தார். "ஓடுற லாரியை வாயாலயே நிறுத்தினவ நீ ஒருத்திதான்." சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒரு பகுதியையாவது பென்டிரைவில் போட்டுக் கொடுங்க தம்பி, எங்க மாமாவுக்கு மட்டும் காட்டிட்டு அழிச்சிடறேன் என்று தாடியிடம் கெஞ்சினேன். படம் வெளியே போனால் அவர் ஜெயிலுக்குப் போக வேண்டுமாம். டிவிக்குப் பின்னால் நானே ஒளிந்துகொண்டு பேசலாமா என்றுகூட யோசித்தேன். சுவரில் மாட்டிவிட்டீர்களே, ஒளிய இடம் ஏது?

ஆகவே மாமா, பொய் சொல்லி உங்களைப் படுக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. பொம்மைப்படம் இல்லாவிட்டாலும் கண்ணுக்கு வேலை இருக்கிறது. பாதி தூரத்தில் வண்டியை நிறுத்துகிற ஆள் இல்லை நீங்கள். வெள்ளிக்கிழமை தயவுசெய்து போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இரண்டு கண்ணும் பளிச்சென்று வர, வேண்டாத தெய்வமில்லை. அத்தைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் இருமலைத் திருடிய மருமகள்

பி.கு: அத்தை, மேலே இருந்து வாசிங்கன்னு எழுதினேன். ஆனால் என் பேச்சை நீங்க என்னைக்குக் கேட்டிருக்கீங்க? வழக்கம்போல இதைத்தான் முதல்ல படிக்கிறீங்கன்னு நம்பி எழுதறேன். எழுதறப்ப இருந்த தைரியம் கவரை ஒட்டறப்ப இல்லை. மேலே இருக்கிறதுல ஒரு எழுத்தும் மாமா காதுல விழ வேண்டாம். "எல்லாரும் சுகமாம், லாரியும் சுகமாம், வெள்ளிக்கிழமை தைரியமா இருக்கச் சொல்றா" என்று மட்டும் வாசிச்சிட்டு, கடிதத்தை அரிசி டப்பாவுக்குள்ள வைங்க. கட்டு அவிழ்த்த பிறகு எடுத்து அவர் கையில கொடுங்க. அவரே அவர் கண்ணால படிக்கட்டும். படிச்சு முடிக்கிறப்ப நான் எதிரிலேயே நிற்பேன், ஆளைப் பார்த்துத் திட்டட்டும்.