பன்னிரண்டு சாட்சிகள்

"பன்னிரண்டு பதிவும் ஒரே மாதிரி பேசுதேம்மா, அதுதான் இடிக்குது" என்றார் நெறியாளர்.

ஆய்வு மாணவி பட்டியலை மறுபடி புரட்டினாள். வெள்ளிக்கிழமை மாலையில் மென்பொருளை வெளியிட்டால் பிழைகள் மூன்று மடங்கு வரும் என்று, அந்த வேலையில் இருப்பவர்கள் எழுதிய வலைப்பதிவுகள் அவை. அவளுடைய மூன்றாம் அத்தியாயம் முழுக்க அவற்றை நம்பித்தான் இருந்தது. ஆய்விதழ் எதிலும் வராத இந்த மாதிரி எழுத்துக்குச் சாம்பல் இலக்கியம் என்று பெயர். நெறியாளர் அதைக் குப்பை என்பார்.

"யார் எழுதினது, எங்கேருந்து எடுத்தாங்க, ஒவ்வொண்ணா விசாரி. இல்லேன்னா அத்தியாயத்தைத் தூக்கிடு. திங்கட்கிழமை நான் கையெழுத்து போடணும்."

அத்தியாயம் போனால் பட்டம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகும். ஐந்து வருஷமாக "எப்ப முடியும்?" என்று ஒரு தடவைகூடக் கேட்காத கணவரை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பன்னிரண்டு பேருக்கும் மெயில் போட்டாள். தங்கமான மனிதர்கள், அன்றைக்கே பதில் எழுதினார்கள். வினையே அதில்தான் வந்தது. ஏழு பேர் மற்ற ஐந்து பேரைப் பார்த்து எழுதியிருந்தார்கள். அந்த ஐந்தில் நாலு பேர் மிச்சமிருந்த ஒருவரைப் பார்த்து எழுதியிருந்தார்கள்.

"ஏங்க, பன்னிரண்டு சாட்சி இருந்துது. விசாரிச்சதுல ஒண்ணாயிடுச்சு."

"இதோட நிறுத்திக்க" என்றார் கணவர், பாத்திரம் கழுவிக்கொண்டே. "அந்த ஒண்ணும் போயிடப் போகுது."

அவள் எங்கே கேட்டாள்? 'பக்கத்து சீட்' என்ற புனைபெயரில் எழுதும் அந்த ஒருவரையும் குடைந்தாள். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. பதில் வந்தது: "நான் எதையும் அளந்து பார்க்கலீங்க. விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் சொன்னார், எழுதினேன். அவர் பொய் சொல்ல மாட்டார். நான் எழுதறது அவருக்குத் தெரியாது, அதனால பேர் வேண்டாமே."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் அச்செடுத்துக்கொண்டு நெறியாளர் வீட்டுக்கே போய்விட்டாள். நெறியாளர் அந்தக் கடைசி மெயிலை உரக்கப் படித்தார். கூடத்தின் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி தட்டுவதை நிறுத்தினார்.

"சார், நடந்ததை மறைக்காம அப்படியே எழுதியிருக்கேன். அத்தியாயம் இருக்கட்டும் சார்."

"எப்படிம்மா இருக்கும்? யாரோ ஒருத்தன், கணக்கும் கிடையாது, ஆதாரமும் கிடையாது, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டுப் போயிருக்கான். பொறுப்பில்லாத ஆளு."

"ஏங்க, அந்த ஆளை அப்படித் திட்டாதீங்க" என்றார் மனைவி மெதுவாக. "அந்த மெயில் நான் போட்டது. போன வருஷம் சாப்பிட்டுக்கிட்டே அந்த வெள்ளிக்கிழமை விஷயத்தை எனக்குச் சொன்னது நீங்கதான்."