சிறியாநங்கை டீ

பாட்டனி படித்தவனுக்குச் செடிகளைப் பற்றி எல்லாமே தெரியும் என்று நம்பிய ஒரே ஆள் நான்தான்.

தொண்ணூற்றாறில் திருவண்ணாமலையில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அம்மா, அக்கா, நான். அப்பா இல்லாததால் வீட்டுக்கு நான்தான் ஆண்பிள்ளை. வேலைதான் இல்லை. ஆகவே மாடிப்படி நெடுக, பழைய பெயிண்ட் டப்பாக்களில் துளசி, தூதுவளை, சிறியாநங்கை என்று வளர்த்தேன். (தூதுவளை முள் கீழ்வீட்டுக்காரர் வேட்டியைக் கிழித்தது. அவருக்கு இரத்த ஓட்டம் சீராகும் என்று சமாதானம் சொன்னேன்.) இலைகளை உலர்த்திப் பொடித்து பாட்டில்களில் போட்டு வைத்தேன். லேபிள் ஒட்டவில்லை. படித்தவனுக்கு லேபிள் எதற்கு?

அந்த வருடம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். முன்பு வந்த மூன்று இடமும் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். போட்டோவை அக்கா இரண்டு முறை எடுத்துப் பார்த்ததை நானே கண்டேன்.

"காப்பி போட்டுடறேன்டா" என்றாள் அம்மா.

"காப்பி எல்லார் வீட்லயும்தான் குடுக்கறாங்க. நான் துளசி டீ போடறேன்."

எனக்கு அன்று கடும் ஜலதோஷம்; வாசனை தெரியவில்லை. கைக்கு வந்த பாட்டிலிலிருந்து நாலு கரண்டி அள்ளிப் போட்டேன். அது சிறியாநங்கை. ஓர் இலை நாக்கில் பட்டாலே சாயங்காலம் வரை சோறும் கசக்கும்.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு மடக்கு விழுங்கினார். முகம் கோணியது. அவர் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் கதவோரம் நின்ற அக்காவைப் பார்த்தபடி, கண்ணில் நீர் வழிய, டம்ளரைக் காலி செய்தார்.

"என்னாங்க இது?" என்றார் பெரியவர்.

தப்பாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் படிப்பு விடவில்லை.

"சர்க்கரைக்கு நல்லதுங்க. உங்கள பாத்தா ஜாஸ்தி இருக்கும்போல தெரிஞ்சுது. அதான்..."

"எங்க வம்சத்துலயே சர்க்கரை கெடையாது!" அவர் எழுந்துவிட்டார். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லுங்க. வூட்டுக்குக் கூப்ட்டு வெஷத்த ஊத்தாதீங்க."

அம்மா தெருமுனை வரை கெஞ்சிக்கொண்டே போனாள். மாப்பிள்ளை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அப்பாவை மீறிப் பேசும் ஆள் இல்லை போலிருக்கிறது, வேனில் ஏறிவிட்டார். அக்கா டம்ளர்களைக் கழுவினாள். என்னோடு அவள் பேச ஒரு மாதம் ஆனது.

இரண்டு வருடம் கழித்து வேலூர்ப் பக்கம் கட்டிக்கொண்டு போனாள். அத்தான் நல்லவர் என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம். அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தக் கதையை ஒவ்வொரு விசேஷத்திலும் பந்தியில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்பவர் அத்தான்தான். "அன்னிக்கி மட்டும் ஒழுங்கா டீ போட்டிருந்தீன்னா, நான் தப்பிச்சிருப்பேன் மச்சான்!" பந்தியே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள்.

போன பொங்கலுக்கும் சொன்னார். சிரிப்பு அடங்கியதும் அக்கா என் இலையில் சாம்பார் ஊற்றக் குனிந்தாள்.

"நானும்தான்டா" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.