லாக் நிற்காத மடக்குக்கத்தி

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது. அது நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கதை பாதி போன பிறகு தெரியவந்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

என் பெயர் மாசிலாமணி. உடம்பெல்லாம் முள் வைத்துக்கொண்டு எதற்காகக் கத்தி வாங்கப் போனாய் என்று நீங்கள் கேட்பீர்கள். என் மனைவி பாக்கியமும் அதையேதான் கேட்டாள். முள் இருப்பது முதுகில், எதிரே இருக்கிற எதையும் அதைக்கொண்டு நறுக்க முடியாது, நறுக்க வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் திரும்பி நின்று பின்பக்கமாக நடக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கினேன். அது சரியான காரணம். உண்மையான காரணம் வேறு. அந்தக் கோடையில் வெயிலுக்குப் பயந்து வளைக்குள்ளேயே கிடந்து, செல்போனில் கத்தி வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். விரலால் ஒரு தட்டு தட்டினால் அலகு விரியும். இன்னொரு தட்டில் மடங்கிப் பிடிக்குள் போய்விடும். நாற்பது வீடியோ பார்த்து முடித்தபோது எனக்குக் கத்தி தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டது. பேசியது ஏதோ வெளிநாட்டுக் குரங்கு. அதன் பாஷை ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் காட்டில் பழைய சாமான் வாங்கவும் விற்கவும் ஒரு செல்போன் குழு உண்டு. செவந்தியப்பன் என்கிற எறும்புதின்னி அதில், "மடக்குக்கத்தி, செகண்ட் ஹேண்ட், நேரில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்" என்று போட்டிருந்தார். போட்டோவில் கத்தி பளபளவென்று இருந்தது. மறுநாள் காலையிலேயே ஓடையைத் தாண்டி அவர் வளை வாசலில் போய் நின்றேன்.

செவந்தியப்பன் மரியாதைப்பட்டவர். உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, துணியில் சுற்றி வைத்திருந்த கத்தியை எடுத்து வந்தார். நான் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். காதருகே கொண்டுபோய்ச் சுண்டினேன். எதற்குச் சுண்டுகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் சுண்டினேன். முகர்ந்தும் பார்த்தேன்.

அப்போது அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேங்க. இதுல லாக் நிக்காது."

லாக் என்றால் பூட்டு என்பது வரை தெரியும். கத்திக்கு எதற்குப் பூட்டு, அது எங்கே நிற்கும், ஏன் நிற்காது என்பதொன்றும் விளங்கவில்லை. கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"தெரியும். இந்த மாடல்ல அது அப்படித்தான் இருக்கணும்."

செவந்தியப்பனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. முன்னால் வந்த நான்கு பேர் இந்த வார்த்தையைக் கேட்டதுமே எழுந்து போய்விட்டார்களாம். விவரம் தெரிந்த ஒருவர் கைக்கு இது போவதில் தனக்கு நிம்மதி என்றார். அந்த நான்கு பேரை நினைத்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. மழைக்காலத்துக்கு ஆகும் என்று பாக்கியம் அலைந்து சேர்த்து வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கில் ஒரு கூடையைக் கொடுத்து, கத்தியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் பாக்கியத்தின் தம்பி குழந்தைவேலுவுக்குப் புதுவளை புகுவிழா. சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. நடுவில் பெரிய பலாப்பழம் ஒன்றை வைத்திருந்தார்கள். எங்கள் இனத்தில் பால்குடி மறந்த பிள்ளைகூடப் பலாவைப் பல்லாலேயே பிளந்துவிடும். இருந்தாலும் நான் எல்லாரையும் விலகி நிற்கச் சொன்னேன். கத்தியை எடுத்து, வீடியோவில் பார்த்தபடியே ஒரு தட்டு தட்டினேன். அலகு விரிந்தது. சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு நிமிஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பழத்தின் மேல் வைத்து அழுத்தினேன். அலகு பழத்துக்குள் போகவில்லை. அப்படியே திரும்பி மடங்கி, பிடியைப் பற்றியிருந்த என் மூன்று விரல்களைக் கவ்விக்கொண்டது. விரிந்த அலகை மடங்காமல் பிடித்து நிறுத்துவதுதான் லாக் என்பது அந்த நொடியில் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

ரத்தம் கொட்டியது. பாக்கியம் ஓடிவந்து இலையை வைத்துக் கட்டினாள். குழந்தைவேலு பலாப்பழத்தைத் தன் பக்கம் உருட்டிக்கொண்டு பல்லால் பிளந்தான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

வளைக்குத் திரும்பும்போதே எனக்குக் கோபம் ஏறிவிட்டது. யார் மேல் என்று நிதானமாக யோசித்திருந்தால் பதில் சிக்கலாகியிருக்கும். அதனால் யோசிக்கவில்லை. வந்ததும் வராததுமாக, காயம்படாத கையால் செல்போனை எடுத்து, செவந்தியப்பன் மோசடிக்காரர், அவரிடம் யாரும் எதையும் வாங்காதீர்கள் என்று குழுவில் போட்டேன். குழுவில் இருந்த முயல்களும் மந்திகளும் எனக்காக வருத்தப்பட்டன.

மறுநாள் குறைதீர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே முதல் நாள் டோக்கன் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் படிவம் கொடுத்தார்கள். மூன்றாம் நாள், படிவத்தை நீல மையில் நிரப்ப வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இடது கையால் மூன்று பிரதி எழுதினேன். அதில் பதினான்காவது கேள்வி: "குறை உங்களுக்கு எப்போது தெரியவந்தது?" விரல் வெட்டுப்பட்ட நேரத்தைக் குறித்துவிட்டேன்.

விசாரணை நாள் வந்தது. அதிகாரி அமிர்தலிங்கம் சார் ஓர் ஆமை. அவர் கோப்பைத் திறந்து முதல் பக்கத்துக்கு வருவதற்குள் கூடத்தில் பெரிய கூட்டம் சேர்ந்துவிட்டது. என் பின்னால் பாக்கியம், அவள் பக்கத்தில் குழந்தைவேலு. எதிரே செவந்தியப்பன் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தார். குழுவில் நான் எழுதியதைப் பார்த்த பிறகு ஓடைக்கரையில் யாரும் அவரோடு பேசுவதில்லையாம். இதைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன்.

அமிர்தலிங்கம் சார் அவரிடம், கத்தியில் குறை இருப்பதைச் சொல்லி விற்றாரா, சொல்லாமல் விற்றாரா என்று கேட்டார். சொல்லித்தான் விற்றேன் என்றார் செவந்தியப்பன். பிறகு என் பக்கம் திரும்பி, கொஞ்சமும் கோபமில்லாமல் பேசினார்.

"நான் சொன்னது உங்களுக்குப் புரியலைன்னா அது என் தப்புங்க. இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கணும். புரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, கிழங்கை அப்படியே திருப்பித் தந்துடறேன். கூடையில இன்னும் கையே வைக்கலை."

பாக்கியம் என் முதுகுப் பக்கமாகக் குனிந்து, சொல்லிவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை. கிழங்கு திரும்பி வரும், மழைக்காலம் கழியும், அந்த மனிதரின்... மன்னிக்கவும், அந்த எறும்புதின்னியின் மானமும் நிற்கும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அப்போது குழந்தைவேலு லேசாக இருமினான். சாதாரண இருமல்தான். ஆனால் எனக்கு அது சாதாரணமாகக் கேட்கவில்லை.

"புரிஞ்சுதான் வாங்கினேன்" என்றேன்.

அமிர்தலிங்கம் சார் கழுத்தை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். புரிந்து வாங்கியவர் எதற்காகப் புகார் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் என் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. இது புகாரே இல்லை, லாக் நிற்காத கத்தி எப்படி மடங்கும் என்பதற்கு நல்ல மாதிரி, என் விரல்களை வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறேன், அலுவலகத்தில் ஒரு பதிவு இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன் என்றேன். செவந்தியப்பன் மேல் குற்றமே இல்லை, குழுவில் போட்டதை எடுத்துவிடுகிறேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அன்று நான் பேசியதில் நல்லது அது ஒன்றுதான்.

கூடத்தில் இருந்தவர்கள் என் கட்டுப்போட்ட கையை இப்போது வேறு மாதிரி பார்த்தார்கள். அமிர்தலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றினார். கத்தி சம்பந்தமாகப் பதினொரு கோப்புகள் நிபுணர் கிடைக்காமல் வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடப்பதாகச் சொன்னார். சொந்த விரலைப் பணயம் வைத்து ஆராய்ச்சி செய்கிற ஒருவரை இத்தனை நாள் வைத்துக்கொண்டு தவறவிட்டோமே என்று வருத்தப்பட்டார். மத்தியானத்துக்குள் நியமன உத்தரவு கையில் வந்துவிட்டது: கத்தி ஆய்வாளர். கௌரவப் பதவி, சம்பளம் கிடையாது.

திரும்பி வரும் வழியில் பாக்கியம் எனக்கு முன்னால் நடந்தாள். ஓடை வந்ததும் நின்றாள். "உங்களுக்குப் புரியலைங்கறது அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆமைக்கு மட்டும்தான் தெரியாது" என்றாள். பிறகு கிழங்கு தோண்ட வேறு திசையில் போய்விட்டாள். விரல் வலிக்கிறது என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன். அது உண்மை.

இப்போது எனக்கு அலுவலகத்தில் உட்கார ஒரு மரக்கட்டையும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. பதினொரு கோப்பையும் முடித்துவிட்டேன். என் கருத்தை யாரும் மறுத்துப் பேசவில்லை. போன வாரம் மலைக்கு அப்பால் இருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே குரங்குகள் நடத்தும் மாநாட்டில், கத்தரிக்கோலைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். கத்தரிக்கோலை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. வருகிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

நீதி: தெரியாது என்று ஒப்புக்கொள்ள எல்லாருக்கும் ஒரு நொடி வாய்க்கிறது. அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டால் உத்தியோகம் நிச்சயம்.