வெலிக்கே தெரு குப்பை சேர்த்த வரலாறு

வெலிக்கே தெருவில் குப்பை இல்லை. இது ஒரு குறை என்று அந்தத் தெருக்காரர்களுக்கு அதுவரை தெரியாது.

எல்லாவற்றுக்கும் காரணம் கக்காயின் ஆடுகள். விடிந்ததும் கக்காய் ஒரு பெரிய அலுமினியப் பேசினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவாள். மட்டோக்கே வாழைக்காய்த் தோல், சர்க்கரைவள்ளித் தோல், சோளத் தோகை, முட்டைக்கோஸின் மேல் இலை எல்லாம் வாசலில் அவளுக்காகக் காத்திருக்கும். தோலில் சோப்புத் தண்ணீர் பட்டிருந்தால் அவள் சும்மா போகமாட்டாள். "இதை நீ தின்பியா? என் பிள்ளைங்க மட்டும் தின்னணுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். பிள்ளைகள் என்றால் ஆடுகள்தான். சொந்த மகள் கைன்சா விடுதியில் தங்கி நர்ஸ் படிப்பு படித்தாள். அந்தப் படிப்பும் ஆடுகள் போட்ட குட்டிகளை விற்ற காசில் ஓடியது.

ஆட்டுப் புழுக்கை, சாக்கில் மண் நிரப்பிக் கீரை வளர்க்கிற வீடுகளுக்குப் போகும். கீரை அடுப்புக்குப் போகும். எண்ணெய்ப் புட்டியை எண்ணெய்க்காரனே திரும்ப வாங்கிக்கொள்வான். பழைய தகர டப்பா விளக்காகிவிடும். கிறிஸ்துமஸுக்கு ஒரு கிடாவை அறுத்து, தோல் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் கக்காய் கறி அனுப்புவாள். இப்படி வாழ்வதற்கு ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரில் மாநாடுகள் நடக்கின்றன, மாநாட்டுக்கு விமானத்தில் போகிறார்கள் என்பதெல்லாம் அந்தத் தெருவுக்கு யாரும் சொல்லவில்லை.

அதைச் சொல்வதற்காகவே நகரத்தில் புதிதாக ஒரு அலுவலகம் திறந்தார்கள். அதன் பெயர் நீடித்த நல்வாழ்வு இயக்ககம். திறந்த வாரமே அது ஓர் ஆணை போட்டது. தெருச் சேர்மன் கிடுடு அதைப் பலாமரத்தடியில் நின்று, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, உரக்கப் படித்தார். நகர எல்லைக்குள் ஆடு, மாடு, பன்றி வளர்ப்பது இனி ஆகாது. பசுமைத் தெரு என்று சான்றிதழ் பெற்ற தெருக்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கக்காய் கவலைப்படவில்லை. "நம்ம தெரு பசுமை இல்லேன்னா வேற எது பசுமை?" என்று கேட்டுவிட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

சான்றிதழ் கொடுக்க வந்தவர் செம்பாட்யா என்ற அதிகாரி. தலைநகரத்துக்காரர். பச்சைச் சட்டை, அதன் முதுகில் 'குறைப்போம்' என்று எழுதியிருந்தது. கையில் கரி மூட்டை நிறுக்கிற தொங்கு தராசு. நல்ல மனிதர் என்பதைச் சொல்லியாக வேண்டும். கெட்டவராக இருந்திருந்தால் ஏதாவது கொடுத்துச் சமாளித்திருக்கலாம்.

"குப்பையைக் காட்டுங்க," என்றார்.

"குப்பை இல்லீங்க ஐயா," என்றார் சேர்மன் பெருமையோடு.

"இல்லேன்னா? எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"நிஜமாவே இல்லீங்க. எல்லாத்தையும் மேயர் சாப்பிட்டுடுவாரு."

செம்பாட்யா திடுக்கிட்டார். மேயர் என்பது கக்காயின் மூத்த தாய் ஆட்டுக்குத் தெரு வைத்த பெயர். எந்த வீட்டு வாசலிலும் தின்னும். யாருக்கும் நன்றி காட்டாது. வருஷம் தவறாமல் இரட்டைக் குட்டி போட்டது என்பதால் பெயர் முழுக்கப் பொருந்தவில்லை என்று சொல்பவர்களும் இருந்தார்கள். ஆட்டைக் காட்டிய பிறகு அதிகாரிக்கு மூச்சு வந்தது. ஆனால் முகம் தெளியவில்லை.

"பாருங்கம்மா," என்று கக்காயிடம் பரிவோடு விளக்கினார். "குப்பையை மூணுல ஒரு பங்கு குறைக்கிற தெருவுக்குத்தான் சான்றிதழ். உங்க தெருவுல ஒண்ணுமே இல்லை. ஒண்ணுமில்லாததுல மூணுல ஒரு பங்கை எப்படிக் குறைப்பீங்க?"

"குறைக்க வேண்டாமே ஐயா. அதான் இல்லையே."

"குறைக்காத தெருவுக்குச் சான்றிதழ் கிடையாது."

"சான்றிதழ் இல்லாட்டி?"

"ஆடு கிடையாது."

"ஆடு இல்லாட்டிக் குப்பை சேருமே ஐயா!"

செம்பாட்யாவின் முகம் மலர்ந்தது. "அதேதான்! சேரட்டும். நான் வந்து நிறுத்துக்கறேன். அப்புறம் ஆட்டைக் கூட்டிட்டு வாங்க, குப்பை தானா குறையும், சான்றிதழ் உங்க கையில. உங்களுக்கு விஷயம் சட்டுனு புரிஞ்சிடுச்சே. தலைநகரத்துல இதைப் புரியவைக்க எனக்கு ரெண்டு பயிற்சி முகாம் ஆச்சு."

கக்காய்க்கு வேறு வழி தெரியவில்லை. ஆடுகளைக் காப்பாற்ற ஆடுகளை அனுப்பியாக வேண்டும். அடுத்த நாள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வனாலே மலைமேல் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மேயர் ஒவ்வொரு வாசலாக நின்று நின்றுதான் வந்தது. திரும்பி வந்தபோது காலிப் பட்டியைப் பார்க்கப் பிடிக்காமல் கக்காய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் சில நாள் தெருவே தவித்தது. தோலை வாசலில் வைத்துவிட்டு எல்லோரும் கக்காயின் வீட்டைப் பார்த்தார்கள். பிறகு பலாமரத்தடியில் ஒரு சின்னக் குவியல் எழுந்தது. சேர்மன் அதைச் சுற்றிக் கல் பதித்து, கோழிகள் கிளறாமல் காவல் போட்டார்.

செம்பாட்யா வந்து குவியலைக் குச்சியால் புரட்டினார். அவர் உதடு பிதுங்கியது.

"வெறும் தோலா இருக்கே சேர்மன். பிளாஸ்டிக் எங்க? அட்டை எங்க? என் தாள்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கு. முக்கால்வாசி காலியா விட்டுக் கொடுத்தா என் மேலதிகாரி என்ன நினைப்பாரு? இந்தத் தெருவுல மனுஷங்க இருக்காங்களான்னு கேட்பாரு."

கிடுடு அன்று மாலையே கூட்டம் போட்டார். அப்படி ஒரு பேச்சை அவர் தேர்தலுக்குக்கூடப் பேசியதில்லை. "நாம பின்தங்கி இருக்கோம்," என்றார். "நாளையிலிருந்து இந்தத் தெருவுல ஒரு பையை ரெண்டாவது தடவை யாரும் உபயோகிக்கக் கூடாது. கூடையோட சந்தைக்குப் போறவங்க பேரை எனக்குச் சொல்லுங்க. இது நம்ம தெரு மானம்!"

முட்டையைச் சப்பாத்தியில் சுருட்டி விற்கும் வபோம்பாவுக்கு ஒரு சந்தேகம். "சேர்மன், நான் பழைய பேப்பர்லதான் சுருட்டிக் குடுக்கறேன். அதுவும் கையைத் துடைச்சுட்டு அடுப்புல போட்டுடறாங்க."

"பேப்பர் மேல ஒரு கவேரா போடு."

"கறுப்புப் பையா? சரி."

"அதுக்கு மேல இன்னொண்ணு."

"அது எதுக்கு சேர்மன்?"

"சுகாதாரம்."

ஆரம்பத்தில் எல்லோருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கப்புறம் பிடித்துப்போய்விட்டது. கைக்குழந்தை இருந்த வீட்டில் துணியை விட்டுவிட்டு, தூக்கி எறிகிற டயப்பர் வாங்கினார்கள். சேர்மன் அந்தத் தம்பதியை அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். சேர்மனின் மனைவி வீட்டுக் குழாயை மறந்து, புட்டித் தண்ணீருக்கு மாறினாள். சோளக் கஞ்சிக்கும் சாயாவுக்கும் எறிகிற கோப்பை வந்தது. வாழைக்காய்த் தோலைக்கூடச் சும்மா கொட்டுவது நாகரிகமில்லை என்று ஆகி, அழகாகக் கறுப்புப் பையில் கட்டிப் போட்டார்கள். யார் வீட்டுப் பை பெரிது என்று பார்ப்பதற்காகச் சிலர் காலையில் சீக்கிரம் எழுந்தார்கள்.

கக்காய் வீட்டிலிருந்து மட்டும் பை வரவில்லை. சேர்மன் ஒருநாள் அவளை மரத்தடியில் நிறுத்தினார்.

"நல்லா இருக்கு கக்காய் இது. உன் ஆட்டுக்காக ஊரே பாடுபட்டுக் குப்பை போடுது. நீ மட்டும் சுத்தமா இருப்பே, அப்படித்தானே?"

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. அன்று சந்தையில் தக்காளிக்கு ஒரு பை, வெங்காயத்துக்கு ஒரு பை, உப்புக்கு ஒரு பை என்று தனித்தனியாக வாங்கினாள்.

செம்பாட்யா மறுபடி வந்தபோது குவியல் மரத்தின் முதல் கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நிறுத்து முடிப்பதற்குள் தராசுக் கொக்கி வளைந்துபோனது. ஒரு கட்டமும் காலியில்லை. அவர் சேர்மனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இவ்வளவு குறுகிய காலத்துல இவ்வளவு முன்னேற்றத்தை நான் எங்கயும் பார்த்ததில்லை. இப்ப ஆட்டைக் கூட்டிட்டு வாங்கம்மா. அதே தராசோட மறுபடி வரேன்."

ஆடுகள் வந்தன. கக்காய் சந்தோஷத்தில் விடிவதற்கு முன்பே பேசினைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். வாசல்களில் தோல் இல்லை.

"கட்டிப் போட்டுட்டேனே அக்கா," என்றான் வபோம்பா. "மரத்தடியிலதான் கிடக்கும். நீங்களே பிரிச்சு எடுத்துக்குங்களேன்."

"தோலை மட்டும் தனியா வையேன்டா, முன்ன மாதிரி."

"யாருக்கு அக்கா நேரம் இருக்கு?"

முன்பும் இதே வபோம்பாதான், இதே இருபத்துநாலு மணி நேரம்தான். அடுத்த வீட்டிலும் அதே பதில். கக்காய் குவியலருகில் குந்தி ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள். டயப்பருக்கும் தோலுக்கும் வித்தியாசம் வெளியிலிருந்து தெரியாது, திறந்தால்தான் தெரியும். அவள் பொறுமையாகத் திறந்தாள். மேயருக்குப் பொறுமை கிடையாது. வாழைத்தோல் வாசனை வந்தால் பையோடு சேர்த்து விழுங்கியது. கக்காய் விரட்டினாள், கட்டிப் போட்டாள். கயிற்றை மென்றுவிட்டு மறுபடி குவியலுக்குப் போனது.

சில வாரத்தில் மேயரின் வயிறு உப்பியது. குட்டிதான் என்று தெரு சொன்னது. இல்லை என்று கக்காய்க்குத் தெரியும். கால்நடை டாக்டர் வருவதற்குள் அது பட்டி வாசலில் சாய்ந்து உயிரை விட்டுவிட்டது. டாக்டர் அறுத்துப் பார்த்தபோது வயிற்றில் கறுப்பாக, ஒரு பெரிய முட்டைக்கோஸ் அளவுக்குப் பந்து. கக்காய் அழுதாள். குழந்தை செத்த வீடு போல அழுகிறாளே என்று பேசினார்கள். அவள் அப்படித்தான் அழுதாள்.

மறுநாள்தான் செம்பாட்யாவின் தராசு வரவேண்டிய நாளாக அமைந்தது. சேர்மன் தெருவைச் சுத்தமாகக் காட்டவேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அந்தக் கறுப்புப் பந்தையும் எடுத்துக் குவியலில் சேர்த்திருந்தார். நிறுத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே குறைந்திருந்தது. அதிகாரி கவலையோடு குவியலைச் சுற்றி வந்தார். பந்தைப் பார்த்தார்.

"இது என்ன?"

சொன்னார்கள்.

"இதை ஏன் இங்க வெச்சீங்க? எடுங்க, எடுங்க. இது குவியல்ல இல்லை. ஆடு தின்னுடுச்சு. தின்னது குறைஞ்சது. குறைஞ்சதைத் திரும்ப வெச்சா நியாயமா?"

எடுத்தார்கள். முள் சரியாக மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றது. தெரு கைதட்டியது.

"ஐயா," என்றாள் கக்காய். "அது என் ஆட்டோட உயிரு."

செம்பாட்யா தொப்பியைக் கழற்றினார். அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. "தெரியும்மா. அதனாலதான் அது வீணாப் போகக் கூடாதுன்னு பார்க்கறேன்."

அன்று சாயங்காலமே கக்காய் மிச்ச ஆடுகளை மலைக்கு ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டாள். இந்தத் தடவை திரும்பக் கூட்டிவருவதற்காக இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் சான்றிதழ் விழா நடந்தது. கறி வராத வருஷம் என்பதால் எல்லோரும் சாப்பாட்டை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். இயக்ககம் ஆளுக்கொரு பெட்டியில் கோழியும் சோறும் கொடுத்தது. ஸ்பூனுக்குத் தனி உறை, தண்ணீருக்குத் தனிப் புட்டி. கக்காயை மேடைக்கு அழைத்து, கண்ணாடிபோல் மின்னும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள்.

"இனிமே இந்தத் தெருவுல நீங்க எத்தனை ஆடு வேணும்னாலும் வளர்க்கலாம்," என்றார் செம்பாட்யா.

"ஆடு இல்லையே ஐயா."

"அதுக்கென்னம்மா? உரிமை இருக்குல்ல!" பிறகு சேர்மன் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "அடுத்த வருஷம் இதுலேருந்து இன்னொரு மூணுல ஒரு பங்கு குறையணும். இல்லேன்னா சான்றிதழைத் திருப்பி எடுத்துக்குவாங்க."

விழா முடிந்தபின் மரத்தடியைப் பார்த்த சேர்மனுக்கு வேர்த்துவிட்டது. குவியல் இரண்டாவது கிளைக்குப் போயிருந்தது.

அவரைக் காப்பாற்ற வந்தது பக்கத்துப் புலாமு தெரு. ஒரு கும்பலாக, தள்ளுவண்டியோடு வந்தார்கள். முன்னால் முதோன்யி என்றொரு பெண், உடம்பெல்லாம் ஆட்டு வாசனையோடு. கக்காய் அந்த வாசனைக்குப் பக்கத்தில் நகர்ந்து நின்றாள்.

"அக்கா, சான்றிதழ் வாங்கினா ஆட்டை வெச்சுக்கலாமாமே? எங்க தெருவுல குப்பையே இல்லைன்னு அந்த ஐயா திட்டிட்டுப் போறாரு. உங்ககிட்ட கொஞ்சம் கடனாக் கிடைக்குமா?"

சேர்மனின் முகத்தில் பளிச்சென்று ஒளி வந்தது. "கடன் என்ன கடன்! மூணுல ஒரு பங்கை எடுத்துக்குங்க. பக்கத்துத் தெரு, இது கூடச் செய்யமாட்டோமா?"

தெருவே சேர்ந்து வண்டியில் ஏற்றியது. கக்காய் முதோன்யியைத் தனியாக இழுத்துப்போனாள். "நான் சொல்றதைக் கேளு. ஆட்டை மலைக்கு அனுப்பினா, திரும்பக் கூட்டிட்டு வராதே."

"ஆடு இல்லாம எதுக்கு அக்கா சான்றிதழ்?"

கக்காய் காலிப் பட்டியைக் காட்டினாள். அங்கே கூரை விட்டத்தில் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது.

"மழையில நனையாது," என்றாள். "நல்ல உறையாப் போட்டுக் குடுப்பாங்க."

முதோன்யி சிரித்தாள், கக்காய் வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்துவிட்டாள். வண்டி கிளம்பியது. கக்காயின் கையில் விழாவில் கொடுத்த சாப்பாட்டுப் பெட்டி மிச்சமிருந்தது. அதை ஒரு கறுப்புப் பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, ஓடிப்போய் அந்த வண்டியின் மேல் வைத்தாள்.