தண்ணி ஊத்த வேண்டாம், தானா வளரும்

வெளியூர் போனால் வெறுங்கையோடு திரும்பத் தெரியாத மனிதர்கள் தனி ரகம், வாசகரே. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியைப் பார்க்குமுன் கொல்லையைப் பார்ப்பார்கள். ஒரு கிளையை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் அதன் நுனி பக்கத்துப் பயணியின் காதைக் குடைய ஊர் வந்து சேர்வார்கள். அது எந்த நாட்டுச் செடி, எவ்வளவு தண்ணீர் குடிக்கும், எங்கே போய் நிற்கும்? யார் கண்டது! நம் ஊரில் இல்லை, அது போதாதா?

சிவகாசி மளிகைக்கடை சண்முகவேல் இந்த ரகத்தின் ராஜா. ஐம்பத்தாறாம் வருஷம் கமுதிப் பக்கம் போனவர், சீமைக்கருவேல விதையை மடிநிறையக் கட்டிக்கொண்டு வந்தார். நாரணாபுரத்தில் மனைவி பொன்னுத்தங்கத்தின் சீதனப் பருத்திக்காடு இருந்தது. ஆடு புகுந்து மேய்கிறது என்பது அவள் குறை. வரப்பு நெடுகத் தூவிவிட்டார்.

"இங்கன பாரு தங்கம், தண்ணி ஊத்த வேண்டாம், தானா வளரும். வேலிக்கு வேலி, விறகுக்கு விறகு. இனி ஆடு எட்டிப் பாக்குமா?"

எட்டிப் பார்த்தது. காய் இனித்தது. வயிறு முட்டத் தின்றுவிட்டுக் காடெங்கும் புழுக்கை போட்டது. போட்ட இடமெல்லாம் கன்று முளைத்தது. சில வருஷங்களில் வேலி உள்ளே வந்துவிட்டது, பருத்தி வெளியே போய்விட்டது, கிணறு வற்றிவிட்டது. வெட்ட ஆள் விட்டால் ஒன்று நாலாகத் துளிர்த்தது. பருத்தி தந்த வருமானமெல்லாம் வெட்டுக்கூலிக்கும் முள் குத்தியவர்களின் வைத்தியத்துக்கும் போயிற்று.

பக்கத்துக் காட்டு மாரிசாமி கடைக்கே வந்துவிட்டார். "அண்ணாச்சி, உங்க வேலி எங்காட்டுக்கும் வந்திருச்சு. நான் கேட்டனா?"

"நல்லதெல்லாம் கேட்டா வருது?" என்றார் சண்முகவேல்.

கடைசியில் எல்லாவற்றையும் கொளுத்திவிடுவது என்று மண்ணெண்ணெய் டின்னும் தீப்பெட்டியுமாகக் கிளம்பினார். காட்டை ஒட்டிப் புதிதாக வந்திருந்த பட்டாசுக் கம்பெனியின் காவல்காரர் ஆண்டிச்சாமி, வேட்டி அவிழ ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, தீப்பெட்டிய மடியில வைங்க! சீசன் ஆர்டர் அம்புட்டும் வெயில்ல காயுது. ஒரு பொறி பறந்தா நீங்களும் இருக்க மாட்டீக, நானும் இருக்க மாட்டேன். கருவேல் மட்டும் திரும்பத் துளிர்க்கும்!"

டின் வீடு திரும்பியது. பொன்னுத்தங்கம் அழுதுவிட்டாள். "எங்க அப்பா பருத்திக்காடுன்னுதானே குடுத்தாக? அதை மீட்டுத் தராம வீட்டுப் படி ஏறாதீக."

அவள் அழுது சண்முகவேல் பார்த்ததே இல்லை. அன்றே பஸ் ஏறினார். ஒரு வாரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. கையில் ஈரத்துணி.

"தங்கம், கவலையே வேண்டாம்! இது சீமைக்கொடி. கருவேல் மேல ஏறி மூச்ச அடைச்சுக் கொன்னுரும். தண்ணி ஊத்த வேண்டாம், தானா..."

பொன்னுத்தங்கம் கொடியைப் பிடுங்கி, கருவேல விறகு எரிந்துகொண்டிருந்த அடுப்பில் வைத்தாள். விறகைப் பற்றி மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. நன்றாகத்தான் எரிந்தது.

ஆனால் வரும் வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு ஒடித்துக் கொடுத்திருக்கிறார் மனுஷர். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையாம். அதிருக்கட்டும், வாசகரே, உங்கள் பையிலிருந்து ஏதோ ஈரமாகச் சொட்டுகிறதே, அது என்ன?