குடவோலையில் தேர்ந்த கணினி

ஏரி மதகுக் கணக்கு உதவி அலுவலகம் என்று உத்திரமேரூரில் ஒன்று இருந்தது. ஏரிக்கு எத்தனை மதகு என்று மாதந்தோறும் எண்ணி மேலிடத்துக்குத் தெரிவிப்பது அதன் பணி. மதகுகளோ ராஜாக்கள் காலத்திலிருந்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் அலுவலகம் மனம் தளரவில்லை. 2005-ஆம் ஆண்டு, இந்த அரும்பணியை இனிக் கணினி மூலம் ஆற்ற வேண்டும் என்று ஆணை வந்தது. கூடவே ஒரு தொகையும் வந்தது. கம்பெனிக் கணினி வாங்கப் போதாது, திருப்பி அனுப்பவும் மனம் வராது, அப்படிப்பட்ட தொகை. ஆகவே சாமான்களைத் தனித்தனியே வாங்கிக் கோத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கப்பட்டது.

இதைக் கேட்டு உள்ளுக்குள் துள்ளியவர் இளநிலை உதவியாளர் வேதாசலம். பணியில் சேர்ந்த நாள் முதல், கோப்பு இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்குப் போவதை மட்டுமே வேகமென்று கண்டவர் அவர். அவருடைய மொபெட் ஏற்றம் வந்தால் அவரை இறங்கச் சொல்லும். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் மாற்றல் விண்ணப்பம் அடிக்க, பேருந்து நிலையத்துப் பக்கம் ஐசக் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனார். பக்கத்துத் திரையில் ஒரு சிவப்புக் கார் கடலோரச் சாலையில் பறந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு தடவை என்று உட்கார்ந்தார். மாற்றல் விண்ணப்பம் இன்றுவரை அடிக்கப்படவில்லை.

கீரை வாங்கப் போன புருஷன் சாயங்காலந்தோறும் எங்கே போகிறான் என்று மனைவி சரசு ஒரு நாள் பின்னாலேயே வந்துவிட்டாள். பிளஸ் டூ பையன்கள் நடுவில் அவர் கையை வளைத்துத் திருப்பிக்கொண்டிருந்த கோலத்தைப் பார்த்து, "வூட்ல கேஸ் தீந்து கெடக்குது, நீ பெட்ரோல் போடாத காரு ஓட்டிக்கினு கீறியா?" என்றாள். பையன்கள் அன்றைக்கு விளையாடவே இல்லை, சிரித்து முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. மறுநாள் ஐசக்கே பக்குவமாக, "சார், நீ வந்தா அவங்களும் வராங்க. வாணாம் சார்" என்று சொல்லிவிட்டான். சிவப்புக் கார் பாதிப் பந்தயத்தில் நின்றது. இனி அது ஓடுவதென்றால் அலுவலகக் கணினியில்தான் ஓட வேண்டும். அதற்கு ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

வேதாசலம் குறிப்பு வரைந்தார். 'மதகின் வழியே நீர் பாயும் தன்மையை முப்பரிமாணத்தில் கண்டு தெளியும் பொருட்டும், அவ்வழி உழவர் நலன் காக்கும் பொருட்டும், கிராபிக்ஸ் கார்டு ஒன்று இன்றியமையாததாகிறது.' தலைமை எழுத்தர் சொக்கம்மாள் படித்துப் பார்த்து, உழவர் நலன் இருப்பதால் கையெழுத்துப் போட்டார்.

அலுவலர் தண்டபாணிக்குத்தான் சிக்கல். மூன்று கடைகளின் விலைப்புள்ளிகள் அவர் முன்னே கிடந்தன. ஒவ்வொரு சாமானிலும் மூன்று வகை. அவர் வேர்த்துப் போனார்.

"நாம ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா, மத்தத ஏன் விட்டேன்னு ஆடிட்ல கேப்பான்" என்றார். "தேர்ந்தெடுக்காம தேர்ந்தெடுக்கணும். வழி சொல்லுங்க."

சொக்கம்மாள்தான் வழி சொன்னார். "குடவோலை போடுங்க சார். நம்மூர்க் கோயில் செவுத்துல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே வெட்டி வெச்சிருக்கான். கல்லை எந்த ஆடிட்டர் கேள்வி கேக்கறான் பாக்கலாம்."

அலுவலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. உடனே ஒரு மண்குடம் தருவிக்கப்பட்டது. கல்வெட்டின் விதிகளை அப்படியே பின்பற்றுவது என்று தீர்மானமும் ஆயிற்று. கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் தகுதியற்றவர் என்று ஒரு விதி வந்தபோது மட்டும், அந்தப் பகுதி எழுத்து தேய்ந்திருப்பதாகக் கருதி அடுத்ததற்குப் போனார்கள். சீட்டு எடுப்பவர் கணினியைப் பற்றி ஒன்றுமே அறியாதவராக இருக்க வேண்டும் என்றார்கள். போட்டி பலமாக இருந்தது. பணிமூப்பு கருதி அலுவலரே எடுப்பதென்று முடிவானது.

சீட்டு எழுதுவது எல்லோருக்கும் பொது. அங்கேதான் ஒவ்வொருவருக்கும் கை துறுதுறுத்தது. அலுவலருக்குப் பெரிய மானிட்டர் மேல் கண். காஞ்சிபுரம் ஆபீசில் இருப்பதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது ஆசை. சொக்கம்மாளுக்கு ஆடி மாதம் அம்மன் பாட்டுக் கேட்க ஸ்பீக்கர். அலுவலக உதவியாளர் முனியனுக்குப் பளபளவென்று விளக்கு எரியும் கேபினட். வேதாசலம் கைக்குட்டைக்குள் மறைத்து ஒரு கொத்து கிராபிக்ஸ் கார்டுச் சீட்டு கொண்டுவந்து குடத்தில் கவிழ்த்தார். பிராசசரையும் மதர்போர்டையும் யாரும் எழுதவில்லை. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே தெரியாத சாமானுக்கு யார் சீட்டு எழுதுவார்கள்?

குடத்தின் தீர்ப்பை ஐசக் கையில் கொடுத்துக் கோக்கச் சொன்னார்கள். இரண்டு மானிட்டர், மூன்று ஜோடி ஸ்பீக்கர், விளக்கு வைத்த கேபினட், மூன்று கிராபிக்ஸ் கார்டு.

"சார், கார்டு மூணு கீது. சொருவறதுக்கு போர்டு இல்ல" என்றான் ஐசக். "பிராசசர் இல்ல, ரேம் இல்ல. இது ஓடாது சார்."

தண்டபாணி ஆணையை எடுத்து விரலால் காட்டினார். "கணினி நிறுவப்பட வேண்டும்னுதான்பா இருக்கு. ஓடணும்னு எங்க இருக்கு, காட்டு."

ஐசக் நிறுவினான்.

அக்கால வழக்கப்படி கணினிக்குத் தனி அறை, ஏசி, வெல்வெட்டு உறை எல்லாம் வந்தன. எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை நடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று பலகை தொங்கியது. அதுவரை மதகு திறக்கவில்லை என்று வாசலில் நின்று குரல் உடையக் கத்திக்கொண்டிருந்த கழனிக்காரர் முத்துவேலே, செருப்பைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, உறை போட்ட மானிட்டரைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏறாததற்கு மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று சாந்தமாக வீட்டுக்குப் போனார். பழுதே ஆகாத ஒரே கணினி என்று மாவட்டத்திலிருந்து பாராட்டும் வந்தது.

எல்லோரும் மகிழ்ந்திருக்க, வேதாசலம் மட்டும் இருண்ட திரையில் தன் மூஞ்சியைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தீபாவளி போனஸோடு ஐசக்கைத் தேடிப் போனார். ஐசக் மனம் இரங்கினான். மதர்போர்டிலும் பிராசசரிலும் கொஞ்சம் கையைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னான். ரேம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு எம்பி கட்டாயம் என்றான். ஹார்ட் டிஸ்க் பழசு போதும். "கரண்டு குடுக்கற எஸ்எம்பிஎஸ் மட்டும் மட்டமா வாங்காதே சார். பந்தயம் நடக்கறப்போ கார்டே எரிஞ்சி பூடும்."

அன்று மாலை எல்லோரும் போன பிறகு சிவப்புக் கார் புறப்பட்டது. மூன்று ஜோடி ஸ்பீக்கரிலும் உறுமியது. வேதாசலம் கண்ணில் தண்ணீர் வந்தது. வாரக் கடைசிக்குள் இரண்டாவது இடத்துக்கு முன்னேறிவிட்டார். இன்னும் ஒரே பந்தயம், கோப்பை அவருக்கு.

உறுமல் முனியன் காதில் விழுந்துவிட்டது. அவன் சொல்ல, கணினி ஓடுகிறதா என்று தண்டபாணி முதலில் அரண்டார், பிறகு பெருமைப்பட்டார். மாவட்டம் அனுப்பிய சிடி ஒன்று பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. ஏரியின் பழைய எல்லையை முப்பரிமாணத்தில் காட்டுவது. ஊர்ப் பெரியவர்களை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் அதைப் போடும்படி வேதாசலத்திடம் சொன்னார்.

திரையில் மதகு தெரிந்தது. நீல நிறத்தில் தண்ணீர் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். தண்ணீர் மதகைத் தாண்டி முத்துவேல் புதிதாகச் சேர்த்த கழனிக்குள் வந்தது. கைதட்டல் குறைந்தது. ரைஸ்மில் முழுகியது. தெருத்தெருவாகச் சர்வே எண்கள் முழுகின. பெருமையோடு நிமிர்ந்திருந்த அலுவலகமும் முழுகியது.

"தண்ணி எங்க நிக்கும், வேதாசலம்?" என்று மெல்லக் கேட்டார் தண்டபாணி.

"பழைய கரை வரைக்கும் போவும் சார்" என்றார் வேதாசலம். சொல்லி வாய் மூடுமுன், சரசு பெயரில் வாங்கி, கடன் போட்டு வீடு கட்டிய மனையின் எண்ணும் நீலத்தில் அமிழ்ந்தது.

முத்துவேல்தான் முதலில் பேசினார். "நைனா, அத்த நிறுத்து."

அரசும் மக்களும் ஒரே குரலில் ஒரு முடிவுக்கு வந்தது அந்த ஊரில் அன்றைக்குத்தான். சுவிட்சை அணைத்தால் போதாது, நாளைக்கு யாராவது போட்டுவிடுவார்கள், உள்ளே இருப்பதையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எல்லோர் கண்ணும் வேதாசலத்தின் மேல் இருந்தது. ஒரு பந்தயம் பாக்கி. வீட்டுக் கடனும் பாக்கி. அவர் கொஞ்ச நேரம் சிவப்புக் காரை நினைத்துக்கொண்டு நின்றார். பிறகு திருப்புளியை எடுத்து, கேபினட்டைத் திறந்து, தன் கைக்காசில் வாங்கிய பிராசசரைத் தானே கழற்றினார். கூடியிருந்தவர்கள் மறுபடி கைதட்டினார்கள்.

கணினி முன்போலவே எவ்விதப் பழுதுமின்றி உறைக்குள் இருந்துவருகிறது. சிரிப்பவர்கள் தங்கள் வீட்டுப் பத்திரத்தில் சர்வே எண்ணை ஒரு முறை பார்த்துவிட்டு, மீதியைச் சிரிக்கலாம்.