சம்பந்தி வீட்டாரை ஏற்றிவர ஒரு வேன்

மட்டாஞ்சேரி,
9-5-1984

பெருமதிப்பிற்குரிய பிச்சைமணி அத்தான் அவர்களுக்கு நல்லசிவம் பணிவோடு எழுதிக்கொண்டது. நானும் கமலாக்ஷியும் கல்யாணப் பெண் பாக்கியலக்ஷ்மியும் இங்கு சௌக்கியம். தென்காசியில் தாங்களும் அக்காளும் அக்காளின் முழங்காலும் அவ்வாறே இருக்கக் குற்றாலநாதர் அருள்வாராக.

தென்காசி மாப்பிள்ளை வீட்டார் பதினெட்டுப் பேரையும் எர்ணாகுளம் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர, கௌரவமான, ஆனால் ஆடம்பரமில்லாத வேன் பார்க்கும்படி எழுதியிருந்தீர்கள். அந்த ‘ஆனால்’ இங்கே என்ன பாடு படுத்தியது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

எதிர்வீட்டில் கயிற்றுக் கடை வைத்திருக்கும் சிகாபுதீன், இருபது வருஷச் சிநேகிதர், இரண்டு வேன் பார்த்துச் சொன்னார். “ஒண்ணு லக்சுரி, ஒண்ணு சாதா. ரெண்டும் ஓட்டிப் பாத்து எடுத்துக்கோ அண்ணாச்சி.” நான் சரி என்பதற்குள் கமலாக்ஷி குறுக்கே வந்து, “வெறும் வண்டியை ஓட்டி என்ன தெரியும்? ஆளை ஏத்திப் பாக்கணும், சம்பந்தி ஏறினா எப்படி இருக்கும்னு தெரியணும்” என்றாள். உடனே சிகாபுதீனைச் சம்பந்தியாகவும், அவர் மனைவி ஜலீலாவைச் சம்பந்தியம்மாளாகவும், சுக்குக் கிடங்குச் சுமைதூக்கிகளை மாமா, சித்தப்பாக்களாகவும் நியமித்தாள். வெளுத்த சட்டை போட்டிருந்த ஒரே ஆள் தையற்காரர் மொய்து என்பதால் அவர்தான் மாப்பிள்ளை. வயது அறுபத்திரண்டு.

லக்சுரி வேனில் சிவப்பு வெல்வெட், சரிகைத் திரை, நாலு பக்கமும் கண்ணாடி, பாட்டுப் பெட்டி எல்லாம் உண்டு. உட்காரும் இடம் மட்டும் ஒன்பது. ஸ்டேஷன்வரை போய்த் திரும்பும்போது சம்பந்தி சீட்டைப் பின்னால் சாய்த்தார், அது மறுபடி நிமிரவில்லை, படுத்தபடியே ஊர் வந்து சேர்ந்தார். நம் தெருவுக்குள் நுழைந்த வண்டி இரண்டு கிடங்குச் சுவர்களுக்கு நடுவே, பாட்டிலில் அடைத்த தக்கை மாதிரி நின்றுவிட்டது. கதவோ சுவிட்சு போட்டால் திறக்கும் கதவு, அதையும் சுவர் திறக்க விடவில்லை. “பேடிக்கண்டா சேட்டா, இப்ப சரியாகும்” என்று டிரைவர் பயப்பட வேண்டாமென்று சொன்னார், சொல்லிக்கொண்டே இரண்டு மணி நேரம் இருந்தார். ஆரத்தித் தட்டோடு காத்திருந்த கமலாக்ஷி, கற்பூரம் வீணாகக் கூடாதென்று வண்டியின் மூக்குக்கே சுற்றிவிட்டாள். காப்பியை முன்கண்ணாடிச் சந்து வழியாகக் கொடுத்தோம். “நல்ல மரியாதை! பந்தியையும் இதுலயே வச்சிருங்க” என்று உள்ளேயிருந்து ஜலீலா குரல் கொடுத்தாள். கடைசியில் டயர்க் காற்றைப் பிடுங்கிப் பின்னால் இழுத்தோம்.

மறுநாள் சாதா வேன். வைப்பின் தீவு ராசப்பனுடையது. பதினெட்டுப் பேரும் தாராளமாக உட்காரலாம். கதவே கிடையாது, கயிறுதான், ஆகவே மாட்டிக்கொள்ளும் பயமில்லை. ஆனால் மற்ற நாளில் அதில் மீன் போகிறது. நம் சைவக் குடும்பத்துக்கு! “மூணு வட்டம் கழுவியாச்சு சேட்டா, மணம் ஒண்ணும் இல்லை, பூனைக்குத்தான் விசுவாசம் வரலை” என்றான் ராசப்பன். வண்டியோடு ஜங்கார்ப் படகில் ஏறிக் காயலைக் கடந்து பதினொரு பூனைகள் வந்திருந்தன. நம் ஆட்கள் ஏறியதும் அவையும் ஏறின. வாசலில் இறங்கிய சிகாபுதீன் மடியிலிருந்த பூனையைக் கீழே விட்டு, முகம் சிவந்து, “நேத்து சுவருக்குள்ள அடைச்சீங்க, இன்னிக்குப் பூனையோட ஏத்தினீங்க, பெண் வீட்டுல ஒரு ஆளு வந்து மன்னிப்புக் கேக்கலை. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்!” என்றார். எனக்கும் புத்தி எங்கே போயிற்றோ, “வேண்டாம்னா போங்க, எம் பொண்ணுக்கு வேற மாப்பிள்ளையா கிடைக்காது?” என்று கத்திவிட்டேன். தெரு முழுக்கக் கேட்டது. சாயங்காலத்துக்குள் கல்யாணம் நின்றுபோன செய்தி தோப்பும்படிவரை போய், துக்கம் விசாரிக்க ஆள் வந்தாச்சு. பந்தல்காரன் மூங்கிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். பாக்கியம் வந்து நின்றாள். “அப்பா, மொய்து மாமா வேண்டாம்னா சரி. தென்காசிக்காரரை எதுக்கு விரட்டினீங்க?”

சிகாபுதீன் நாலு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரும் புதிருமாக வாசல், அத்தான். காலையில் கதவைத் திறந்தால் அவர் முதுகுதான் தெரியும். சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. கடைக்குப் போனேன். “பெண் வீட்டுக்காரன் முறையா தட்டோட வரணும்” என்றார் சுவரைப் பார்த்து. வெற்றிலை, பழம், சர்க்கரை வைத்துத் தட்டோடு போனேன். வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நானும் துடைத்தேன். பிறகு சாயா குடித்தபடி, “சாதாவையே எடு அண்ணாச்சி. லக்சுரியில ரெண்டு மணிக்கூர் இருந்தும் ஒருத்தன்கிட்ட ஒருத்தன் மிண்டலை, ஒரு பேச்சு இல்லை, எல்லாரும் கண்ணாடியில அவங்கவங்க முகத்தையே பாத்துக்கிட்டிருந்தோம். இதுல சண்டையாவது போட்டோமே” என்றார்.

அது எனக்கு நியாயமாகப் பட்டது. ராசப்பனுக்கு 25-ம் தேதி காலைக்குச் சொல்லிவிட்டேன். பந்தல்காரனும் மூங்கிலோடு திரும்பிவிட்டான். எனவே தாங்கள் கவலையின்றிச் சம்பந்தியைப் புறப்படச் சொல்லலாம்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி, நடுவில் உள்ளவர்களுக்கு எது பொருந்துமோ அது.

தங்கள் அன்புள்ள,
நல்லசிவம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரம் சம்பந்தியின் தந்தி வந்தது. அவர்கள் குலதெய்வம் உத்தரவு கொடுக்காததால் கல்யாணம் தென்காசியிலேயாம். நாங்கள் இங்கிருந்து முப்பத்தாறு பேர் ரயிலில் வருகிறோம். ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி பார்த்து வைக்கவும். பார்ப்பதைத் தாங்கள் தனியாகவே பார்க்கவும். தயவுசெய்து அக்காளிடம் சொல்ல வேண்டாம்.